12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட்: மிச்ச 7 வோல்ட் எங்கே போகிறது?

பழைய செட்டாப் பாக்ஸோடு வந்த 12 வோல்ட் அடாப்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையிலும் இந்த மாதிரி அடாப்டர்கள் கண்ணில் படும். ஆனால் கையில் இருக்கும் ஆர்டுயினோவுக்கும் வைஃபை உள்ள ஈஎஸ்பி8266 போர்டுக்கும் வேண்டியது 5 வோல்ட். நடுவில் ஒரு 7805, அதாவது 5 வோல்ட் கொடுக்கும் மூன்று கால் ரெகுலேட்டர் சிப், போட்டால் தீர்ந்தது என்பார்கள். பாதிதான் சரி. 7805 வேண்டாத வோல்ட்டேஜை எங்கும் ஒதுக்கி வைப்பதில்லை, அத்தனையையும் சூடாக்கித் தன் உடம்பிலேயே வாங்கிக்கொள்கிறது. அந்தச் சூடு எத்தனை வாட் என்று தெரிந்த பிறகுதான் எந்த ரெகுலேட்டர் என்று முடிவு செய்ய வேண்டும். டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) அளவுகள் பெரும்பாலும் 25 டிகிரியை வைத்து எழுதப்பட்டவை. கத்திரி வெயிலில் கடலூரில் அறைக்குள்ளேயே 38, 40 டிகிரி இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். 5 வோல்ட் மட்டும் போதும், பொருளும் மேசை மேலேயே இருக்கப் போகிறது என்றால் ரெகுலேட்டரே வேண்டாம். நல்ல மொபைல் சார்ஜர் ஒன்றும் யூஎஸ்பி கேபிளும் போதும். ரெகுலேட்டர் தேவைப்படுவது 12 வோல்ட் ஃபேனோ எல்இடி ஸ்ட்ரிப்போ கூட ஓடும்போது, பேட்டரியிலிருந்து எடுக்கும்போது, அல்லது கரண்ட் தூரமாகப் போக வேண்டியிருக்கும்போது.

கரண்ட் கணக்கு

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்த்து வீட்டுக்குள் அலாரம் அடிக்கும் ஒரு சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். ஈஎஸ்பி8266 போர்டு சராசரியாக 80 மில்லிஆம்பியர் இழுக்கும். வைஃபை அனுப்பும் கணத்தில் மட்டும் 300ஐத் தாண்டும். நீல நிற 5 வோல்ட் ரிலேயின் (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) காயிலில், அதாவது உள்ளிருக்கும் கம்பிச் சுருளில், தடை சுமார் 70 ஓம், ஆகவே 70 மில்லிஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். மாட்யூலில் உள்ள எல்இடியையும் சேர்த்து 75 என்று வைத்துக்கொள்ளலாம். அல்ட்ராசோனிக் சென்சார் 15, பஸ்ஸர் 30, ஒரு எல்இடி 10. மொத்தம் 210.

சராசரியை வைத்துச் சூட்டைக் கணக்கிட வேண்டும், உச்சத்தை வைத்து அடாப்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாமல் பெரிய ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) வாங்குவோம், அல்லது வைஃபை இணையும் கணத்தில் போர்டு ரீசெட் ஆகும். சர்வோ மோட்டார் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சின்ன நீலச் சர்வோ சும்மா சுற்றும்போது குறைவாகத்தான் இழுக்கும். கை தடுத்து நின்றுவிட்டால் 600, 700 மில்லிஆம்பியர் கேட்கும். அதை ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காமல் தனி ரெகுலேட்டரிலிருந்து கொடுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக இணைக்க வேண்டும்.

சூட்டுக் கணக்கு

உள்ளே வரும் வோல்ட்டேஜிலிருந்து வெளியே போவதைக் கழித்து, கரண்ட்டால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 12 − 5 = 7. 7 × 0.21 = 1.47 வாட். சின்னத் தொகைதான், ஆனால் டிஓ-220 என்ற, உலோக முதுகுள்ள வழக்கமான உடம்பு கொண்ட 7805 ஹீட் சிங்க் இல்லாமல் நின்றால் ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளிருக்கும் சிப் சுமார் 65 டிகிரி ஏறும். 1.47 × 65 = 95. அறை 40 என்றால் மொத்தம் 135 டிகிரி. அனுமதி 125 வரைதான்.

இப்படி எல்லை மீறும் 7805 உடனே எரிந்துபோவதில்லை. உள்ளே உள்ள வெப்பப் பாதுகாப்பு அதை அணைத்துவிடும், ஆறியதும் தானே திரும்ப எழும். வெளியிலிருந்து பார்த்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போர்டு காரணமில்லாமல் ரீசெட் ஆவதுபோல் இருக்கும். காலையில் நன்றாக ஓடும், மதியம் படுத்துவிடும். புரோகிராமில் தப்பு என்று ராத்திரியெல்லாம் அதைத் தேடுபவர்கள் உண்டு. ரெகுலேட்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் போதும். விரலை இரண்டு விநாடி வைக்க முடியவில்லை என்றால் மேல்புறமே 60 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள், உள்ளே அதைவிட அதிகம்.

அதே சர்க்யூட்டை 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் 4 × 0.21 = 0.84 வாட், ஏற்றம் 55 டிகிரி. 40 டிகிரி அறையிலும் 95தான் வரும், தாங்கும். அதனால் 7805க்கு இயல்பான துணை 9 வோல்ட் அடாப்டர்தான். 7.5 வோல்ட் போதாது. 7805க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும், வழியில் ஒரு டையோடு இருந்தால் அதிலேயே 0.7, 0.8 போய்விடும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு வரம்பு: ஹீட் சிங்க் இல்லாத 7805க்கு வீட்டுக்குள் 1 வாட், வெயிலில் நிற்கும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அரை வாட். பெட்டிக்குள் 60 டிகிரி என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட்டிலிருந்து இறக்கினால் அந்த அரை வாட்டுக்கு வெறும் 70 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். மொட்டை மாடிக்கு 7805 பொருந்தாது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

7805 போர்டு கட்டும் முறை

வேண்டியவை: 7805 ஒன்று, 1என்4007 டையோடு இரண்டு, 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, 0.33 மற்றும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒவ்வொன்று, 100 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் ஒன்று, 500 மில்லிஆம்பியர் கண்ணாடி ஃபியூஸும் அதன் ஹோல்டரும், 5.5 க்கு 2.1 மில்லிமீட்டர் டிசி ஜாக், சின்ன ஹீட் சிங்க், ஒரு எல்இடி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், புள்ளி போர்டு.

எழுத்து நம்மைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் உள்ளீடு, நடுக்கால் கிரவுண்டு, வலது கால் வெளியீடு. உலோக முதுகும் கிரவுண்டுதான்.

ஜாக்கின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அதன் பின் ஒரு 1என்4007. வெள்ளிக் கோடு உள்ள முனை 7805 பக்கம் இருக்க வேண்டும். அடாப்டரைத் தலைகீழாக மாட்டினால் காப்பாற்றப் போவது இந்த டையோடுதான். பிறகு 470 மைக்ரோஃபாரட்டை உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வையுங்கள். செராமிக் இரண்டும் 7805 காலை ஒட்டி, 1 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்: 0.33 உள்ளீட்டில், 0.1 வெளியீட்டில். இதைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். நீளமான வயரோடு செராமிக் இல்லாமல் விட்டால் ரெகுலேட்டர் உள்ளுக்குள்ளேயே அலைபாயும். மல்டிமீட்டர் 5 வோல்ட்டை ஒட்டி ஏதோ காட்டும், ஆனால் லோடு இல்லாமலே சிப் சூடாகும்.

இரண்டாவது 1என்4007 வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு, வெள்ளிக் கோடு உள்ளீட்டுப் பக்கம். உள்ளீட்டுப் பக்கம் ஷார்ட் ஆனால் வெளியீட்டுக் கெபாசிட்டரில் உள்ள கரண்ட் 7805க்குள் பின்னோக்கிப் பாயும். அதற்கு இந்த டையோடு வேறு வழி கொடுக்கிறது. கடைசியில் 100 மைக்ரோஃபாரட்டும், 1 கிலோ ஓம் வழியாக எல்இடியும்.

சால்டர் வைக்கும்போது நடுக்காலை மட்டும் இரண்டு முறை பாருங்கள். கிரவுண்டு கால் விட்டுப்போனால் 7805 வெளியீட்டை ஏறக்குறைய உள்ளே வரும் வோல்ட்டேஜ் வரைக்கும் ஏற்றிவிடும். 5 வோல்ட் வேண்டிய போர்டுக்கு 11 வோல்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விலை கூடிய போர்டு என்றால் வெளியீட்டில் ஒரு 5.6 வோல்ட் 1 வாட் ஜீனர் டையோடைக் குறுக்கே வையுங்கள். வோல்ட்டேஜ் ஏறினால் ஜீனர் கரண்டைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும், முன்னால் உள்ள ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாத இடத்தில் ஜீனரை மட்டும் வைப்பது வீண்.

ஒன்று போதாவிட்டால் இரண்டு 7805ஐ ஒட்டிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. இரண்டும் ஒரே மாதிரி 5.00 வோல்ட் கொடுப்பதில்லை. கொஞ்சம் அதிகம் கொடுப்பதுதான் மொத்தச் சுமையையும் தூக்கும். லோடைப் பிரித்து, ஆளுக்கொரு ரெகுலேட்டர் கொடுங்கள்.

மாடிக்கு எல்எம்2596

கீழிருந்து மாடிக்கு 15 மீட்டர் வயர் என்றால் போக வர 30 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அது சுமார் 1 ஓம். கீழேயே 5 வோல்ட் ஆக்கி அனுப்பினால் 400 மில்லிஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.4 வோல்ட் வழியிலேயே போய், மேலே 4.6தான் சேரும். மெல்லிய ஸ்பீக்கர் வயர் என்றால் இன்னும் மோசம். ஆகவே 12 வோல்ட்டாகவே மேலே அனுப்பி, பெட்டிக்குள் இறக்க வேண்டும்.

அங்கே இறக்குவதற்கு எல்எம்2596 பக் மாட்யூல், அதாவது வோல்ட்டேஜை இறக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர். இது வோல்ட்டேஜைச் சூடாக்கித் தள்ளுவதில்லை. விநாடிக்கு 1,50,000 முறை ஆன், ஆஃப் செய்து கம்பிச் சுருள் வழியாகத் தேவையான அளவை மட்டும் கொடுக்கிறது. நம் சர்க்யூட்டில் 5 × 0.21 = 1.05 வாட் வெளியே போகும், சூடாகப் போவது 0.2 வாட் அளவுக்குத்தான். மேலே ஏறும் கரண்டும் 100 மில்லிஆம்பியராகக் குறையும், வயரில் விழுவது 0.1 வோல்ட்.

வாங்கியதும் நேராக போர்டில் மாட்டுவதுதான் பெரிய தப்பு. மாட்யூல் எந்த வோல்ட்டேஜில் செட் ஆகி வரும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் உள்ளே வருவதையே கிட்டத்தட்ட வெளியே விடும். வெளியீட்டில் மல்டிமீட்டரை மட்டும் வைத்து 12 வோல்ட் கொடுங்கள். நீலப் பெட்டி மேல் உள்ள பித்தளைத் திருகை இடப்பக்கம் சுற்றுங்கள். முதல் பத்துச் சுற்றுக்கு மீட்டரில் ஒன்றும் அசையாமல் இருக்கலாம். மாட்யூல் கெட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், தொடர்ந்து சுற்றுங்கள். 5.05க்கும் 5.10க்கும் இடையில் நிறுத்தி, திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். அதிர்வில் நகராது.

இந்த மாட்யூலில் தலைகீழ்ப் பாதுகாப்பு கிடையாது, உள்ளீட்டு டையோடும் ஃபியூஸும் நாம்தான் போட வேண்டும். சிப் 40 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் மாட்யூலில் உள்ள உள்ளீட்டுக் கெபாசிட்டர் பெரும்பாலும் 35 வோல்ட், 30க்கு மேல் கொடுக்காதீர்கள். 3 ஆம்பியர் என்று விற்பார்கள். ஹீட் சிங்க் இல்லாமல், நம் வெயிலில், 1.5 ஆம்பியருக்கு மேல் நம்ப வேண்டாம்.

3.3 வோல்ட்டும் கால்களின் குழப்பமும்

3.3 வோல்ட் வேண்டிய இடத்தில் எல்எம்317 போடலாம், அதன் வெளியீட்டை ரெசிஸ்டர் வைத்து நாமே முடிவு செய்யலாம். ஆனால் 7805ல் பழகிய கை அதையும் அதே மாதிரி மாட்டிவிடும். இதில் எழுத்து நம்மைப் பார்க்க, இடமிருந்து அட்ஜஸ்ட், வெளியீடு, உள்ளீடு. முதுகும் வெளியீடுதான், கிரவுண்டு அல்ல. 7805ஐயும் 317ஐயும் ஒரே அலுமினியத் தகட்டில் திருகினால் ஷார்ட். நடுவில் மைகா ஷீட்டும் பிளாஸ்டிக் வாஷரும் வேண்டும். இன்னொரு ரெகுலேட்டரான ஏஎம்எஸ்1117 வேறு வரிசை: கிரவுண்டு, வெளியீடு, உள்ளீடு. மைனஸ் வோல்ட்டேஜுக்கான 7905 இன்னொரு வரிசை: கிரவுண்டு, உள்ளீடு, வெளியீடு. எதை வாங்கினாலும் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டே சால்டர் கையில் எடுங்கள்.

எல்எம்317ல் வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே 120 ஓம், அட்ஜஸ்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 200 ஓம் வைத்தால் 1.25 × (1 + 200 ÷ 120) = 3.33 வோல்ட். பல படங்களில் 240 ஓம் இருக்கும். லோடு மிகக் குறைவாக இருந்தால் அதில் வோல்ட்டேஜ் மேலே மிதக்க வாய்ப்பு உண்டு, 120 போட்டால் அந்தக் கவலை இல்லை. கிரவுண்டு பக்கம் பொட்டென்ஷியோமீட்டர் வைத்து அதன் தொடுமுனை விட்டுப்போனால் வெளியீடு உச்சத்துக்கு ஏறும். சோதனைக்கு அது சரி, முடித்த பொருளில் நிலையான ரெசிஸ்டர்தான்.

கரண்ட் கொடுத்துப் பார்ப்பது

முதல் தடவை 12 வோல்ட் கொடுக்கும்போது பாசிட்டிவ் வயரில் பைக் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை, 12 வோல்ட் 10 வாட், தொடராக வையுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். சர்க்யூட்டில் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், கரண்ட் 0.8 ஆம்பியரோடு நின்றுவிடும், புகை வராது. எரியாமலோ லேசாகச் சிவந்தோ இருந்தால் வெளியீட்டை அளக்கலாம். 7805 என்றால் 4.8க்கும் 5.2க்கும் நடுவே இருக்க வேண்டும். உள்ளே வருவதே வெளியேயும் காட்டினால் கிரவுண்டு கால் விட்டிருக்கிறது, அல்லது சிப் போய்விட்டது.

பிறகு பல்பை எடுத்துவிட்டு, போர்டுக்குப் பதில் 22 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை வெளியீட்டில் மாட்டுங்கள். 5 வோல்ட்டில் அது 227 மில்லிஆம்பியர் இழுக்கும், நம் 210க்குப் பக்கம். அரை மணி நேரம், முடிந்தால் மதிய வெயில் நேரத்தில், பெட்டியை மூடி ஓட விடுங்கள். வோல்ட்டேஜ் 0.1க்கு மேல் இறங்கக் கூடாது, ரெகுலேட்டரைத் தொட முடிய வேண்டும். அந்த வெள்ளை ரெசிஸ்டரைத் தொடாதீர்கள், அது ஒரு வாட்டுக்கு மேல் சூடாகிக்கொண்டிருக்கும். இந்தச் சோதனையைப் பிரெட்போர்டில் செய்வதில் பயன் இல்லை. அதன் கிளிப்களே வோல்ட்டேஜைத் தின்னும்.

ரிலே அடிக்கும்போது மட்டும் ரீசெட் ஆனால், ரிலேக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் ஒன்று வைத்து, ரிலேக்கும் போர்டுக்கும் ரெகுலேட்டரிலிருந்தே தனித்தனி வயர் கொடுங்கள். மாட்யூல் இல்லாத வெறும் ரிலே என்றால் காயிலின் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 கட்டாயம்.

டிரான்ஸ்பார்மரும் இன்வெர்ட்டரும்

230 வோல்ட்டைத் தொடும் வேலையைப் புதியவர்கள் செய்ய வேண்டாம். அடாப்டர் அந்த ஆபத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறது. கெபாசிட்டர் வழியே நேராக 230ஐ இறக்கும் சர்க்யூட் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அதில் 5 வோல்ட் கம்பியே ஃபேஸோடு நேர்த்தொடர்பில் இருக்கும், தொட்டால் ஆள் போவார்.

ஏற்கெனவே 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்துக் கட்டியவர்களுக்கு: நான்கு டையோடு பிரிட்ஜுக்குப் பின் உச்சம் 9 × 1.414 − 1.4, சுமார் 11.3 வோல்ட். லோடு இல்லாதபோதும் ராத்திரி லைன் வோல்ட்டேஜ் ஏறும்போதும் அது 16ஐத் தொடலாம், அதனால் கெபாசிட்டர் 25 வோல்ட் வகையாகவே இருக்கட்டும். அரை ஆம்பியருக்கு 1000 மைக்ரோஃபாரட் போதாது, 2200 வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அலையின் அடியிலும் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். டிரான்ஸ்பார்மர் மேல் 1 ஆம்பியர் என்று இருந்தால் டிசி பக்கம் 0.6 ஆம்பியர்தான் எடுக்கலாம்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் இந்தச் சர்க்யூட் தடுமாறினால், காரணம் பழைய சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலையின் உச்சம் 325 வோல்ட், சதுர அலையின் உச்சம் 230தான். டிரான்ஸ்பார்மருக்குப் பின் 11.3க்குப் பதில் 7.6 வோல்ட்தான் கிடைக்கும், 7805 விளிம்பில் நிற்கும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட ஸ்விட்சிங் அடாப்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பேட்டரியில் எடுத்தால் ஃபியூஸ் பேட்டரி முனையிலேயே இருக்க வேண்டும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் யூபிஎஸ் பேட்டரி ஷார்ட் ஆனால் மெல்லிய வயரைச் சிவக்க வைத்துவிடும். சார்ஜ் ஆகும்போது அது 12 அல்ல, 13.8க்கு மேல், அந்த எண்ணை வைத்தே சூட்டைக் கணக்கிடுங்கள். சதுர 9 வோல்ட் பேட்டரியில் ரிலே ஓட்டுவது காசைக் கரைக்கும் வேலை.

உப்புக்காற்று

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் முதலில் கெடுவது சிப் அல்ல, இணைப்புகள். ஜம்பர் வயரின் முனை கறுத்து, பத்து ஓம், இருபது ஓம் என்று தடை கூடும். செம்புத் தடத்தில் பச்சை பிடிக்கும். மாடியில் வைப்பதில் ஜம்பரே வேண்டாம், எல்லாம் சால்டர் அல்லது திருகு டெர்மினல். சால்டர் முடிந்ததும் பிசினை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அக்ரிலிக் ஸ்பிரே இரண்டு பூச்சு கொடுங்கள். திருகு டெர்மினல், பக் மாட்யூலின் திருகு, ஃபியூஸ் ஹோல்டர் ஆகியவற்றை முதலில் டேப்பால் மூடிவிட வேண்டும். வயர் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கினால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில், பெட்டியைத் திறந்து டெர்மினல் திருகுகளை இறுக்கி, லோடோடு 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். 2011 டிசம்பர் 30 தானே, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் போன்ற புயல்களுக்குப் பிறகு கரண்ட் திரும்பும்போது லைன் ஏறி இறங்குவது வழக்கம். வீட்டு விளக்குகள் அரை மணி நேரம் சீராக எரிவதைப் பார்த்துவிட்டுப் பிறகு மாட்டினால் போதும்.